வீட்டுத் தொழிலுக்கு ஒரு பாட்காஸ்ட்: கேள்வி நோட்டிலிருந்து முதல் எபிசோடு வரை

வீட்டிலிருந்து தொழில் செய்பவரிடம் முதல் தடவையாக வாங்கப் போகிறவருக்கு ஒரு தயக்கம் இருக்கும். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. பணம் கட்டினால் பொருள் வருமா, சொன்ன தேதிக்கு வருமா, சரியில்லை என்றால் யாரைக் கேட்பது? அழகான போட்டோக்களால் இந்தத் தயக்கம் முழுதாகப் போவதில்லை. ஆனால் ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் நிதானமாகப் பேசுவதைக் கேட்டால், அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது விளங்கிவிடும். வீட்டுத் தொழிலுக்குப் பாட்காஸ்ட் செய்யும் பெரிய உதவி இதுதான் என்று நான் நம்புகிறேன்.

பாட்காஸ்ட் கேட்டிருக்கிறேன், செய்ததில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தையலோ, சோப்புத் தயாரிப்போ, செடி விற்பனையோ, கணக்கு எழுதித் தருவதோ, ஆன்லைன் டியூஷனோ, எல்லாவற்றுக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஃபீடு என்றால் என்ன, அது ஏன் உங்கள் கையில் இருக்க வேண்டும்

பாட்காஸ்டின் ஒலிக்கோப்புகள் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸிலோ ஸ்பாட்டிஃபையிலோதான் இருக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. கோப்புகளை ஒரு ஹோஸ்டிங் சேவையில் ஏற்றுகிறோம். அந்தச் சேவை உங்கள் நிகழ்ச்சிக்கு ஆர்எஸ்எஸ் ஃபீடு என்ற ஒரு முகவரியை உருவாக்கித் தரும். ஒவ்வொரு ஆப்பும் அந்த ஃபீடைப் படித்து, புதிய எபிசோடு வந்திருந்தால் கேட்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2000ஆம் ஆண்டின் கடைசியில் டேவ் வைனர் என்ற மென்பொருள் உருவாக்குநர் ஆர்எஸ்எஸ்ஸில் ஒலிக்கோப்பை இணைக்க வழி செய்தார். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸுக்குள் பாட்காஸ்டுக்கு இடம் கொடுத்தது. அன்றிலிருந்து அடிப்படை ஏற்பாடு பெரிதாக மாறவில்லை.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பலன் இருக்கிறது. 2024இல் கூகுள் தன் பாட்காஸ்ட் ஆப்பையே மூடிவிட்டது. ஃபீடு கையில் இருந்தவர்களின் நிகழ்ச்சி மற்ற ஆப்களில் அப்படியே தொடர்ந்தது. ஆகவே ஹோஸ்டிங் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஃபீடு முகவரியை எனக்குத் தருவீர்களா? நாளை வேறு சேவைக்கு மாறினால், பழைய ஃபீடைப் புதியதற்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் வசதி உண்டா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால் போதும். இலவசமா கட்டணமா என்பதை உங்கள் வசதிப்படி முடிவு செய்யலாம்.

கேள்வி நோட்டு

எனக்கு இதுதான் முக்கியமான படி. மைக் வாங்குவதற்கு முன்னால், பெயர் யோசிப்பதற்கு முன்னால், ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த சில மாதங்களில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், மெயில்கள், போனில் கேட்டவை எல்லாவற்றையும் ஒரு தடவை புரட்டுங்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தி அழகாக்க வேண்டாம். 'இது சீக்கிரம் கரைஞ்சு போயிடுதே, ஏன்?' என்று கேட்டிருந்தால் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு அதேபோன்ற ஆள் தேடும்போது அந்த வார்த்தைகளில்தான் தேடுவார்.

சோப்புத் தயாரிப்பவரை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன அந்த ஒரு கேள்வியே ஒரு முழு எபிசோடுக்குப் போதும். எண்ணெயும் காரமும் (காஸ்டிக் சோடா போன்றது) சேர்ந்து சோப்பாகும்போது கிளிசரினும் உண்டாகிறது. கையால் செய்யும் சோப்பில் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. கிளிசரின் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. அதனால் சோப்பு தண்ணீர் தேங்கும் பெட்டியில் கிடந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். தண்ணீர் வடியும் தட்டில் வைத்தால் நெடுநாள் வரும். குளிர்முறையில், அதாவது அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், செய்த சோப்பை நான்கு முதல் ஆறு வாரம் காயவிடுவதும் உள்ளிருக்கும் நீர் வெளியேறிச் சோப்பு இறுகுவதற்காகத்தான். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி முடிக்கும்போது, 'ஆர்டர் கொடுத்தால் ஏன் இத்தனை வாரம் ஆகிறது?' என்ற அடுத்த கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. 'எங்கள் சோப்பு தரமானது' என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கேட்டவர் அந்த முடிவுக்குத் தானாகவே வந்திருப்பார்.

தையல் தொழில் என்றால், பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஏன் நனைத்துக் காயவைக்க வேண்டும் என்பது ஓர் எபிசோடு. கணக்கு எழுதுபவர் என்றால், வீட்டுச் செலவையும் தொழில் செலவையும் ஒரே வங்கிக் கணக்கில் வைத்தால் வருடக் கடைசியில் என்ன சிக்கல் வரும் என்பது ஒன்று.

'இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர்களே செய்துகொள்ள மாட்டார்களா?' என்று ஒரு பயம் வரும். சிலர் செய்துகொள்வார்கள்தான். அவர்கள் எப்படியும் உங்களிடம் வாங்கியிருக்கப் போவதில்லை. இதில் இவ்வளவு வேலை இருக்கிறதா என்று புரிந்துகொண்டு உங்களிடமே வருபவர்களுக்காகத்தான் நீங்கள் பேசுகிறீர்கள்.

நோட்டில் பத்து கேள்வியாவது சேர வேண்டும். சேரவில்லை என்றால் பாட்காஸ்டைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். இன்னும் கொஞ்ச நாள் வாடிக்கையாளர்களோடு பேசுங்கள், கேள்விகள் தானாக வரும். எழுதி முடித்ததும், வாங்குவதற்கு முன் கேட்பவை, வாங்கிய பின் கேட்பவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவு பின்னால் உதவும்.

முதலில் விருந்தினராகப் போய்ப் பாருங்கள்

சொந்த நிகழ்ச்சி தொடங்கும் முன், ஏற்கெனவே நடக்கும் ஒரு பாட்காஸ்டில் விருந்தினராகப் பேசிப் பார்ப்பது நல்லது. அங்கே கேட்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பதிவும் எடிட்டிங்கும் அவர்கள் பொறுப்பு. மைக் முன்னால் பேசும் பழக்கமும் உங்களுக்கு வந்துவிடும். உங்கள் துறையைப் பற்றிய நிகழ்ச்சிதான் வேண்டும் என்றில்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் எதைக் கேட்பார்களோ அந்த நிகழ்ச்சிதான் பொருத்தம். சோப்புத் தயாரிப்பவர் சோப்புத் தயாரிப்பாளர்களுக்கான பாட்காஸ்டில் பேசினால் போட்டியாளர்கள்தான் கேட்பார்கள். குழந்தை வளர்ப்பு பற்றிய நிகழ்ச்சியில் பேசினால் வாங்குபவர்கள் கேட்பார்கள்.

வாய்ப்புக் கேட்டு எழுதும் கடிதம் சின்னதாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

'வணக்கம். உங்கள் நிகழ்ச்சியில் தோல் ஒவ்வாமை பற்றி வந்த எபிசோடைக் கேட்டேன். நான் வீட்டில் சோப்புத் தயாரிக்கிறேன். சோப்பின் லேபிளைப் படித்து உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்வது எப்படி என்பதை உங்கள் நேயர்களுக்கு எளிமையாகச் சொல்ல முடியும். நான் பேசும் விதம் தெரிய ஒரு நிமிட ஒலிப்பதிவை இணைத்திருக்கிறேன். விருப்பமிருந்தால் தெரிவியுங்கள்.'

நிஜமாகவே அந்த எபிசோடைக் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். கேட்காமல் எழுதினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

பெயர், நீளம், படம்

உங்கள் தொழிலின் பெயரை இன்னும் பலருக்குத் தெரியாது என்பதால், அதை மட்டும் நிகழ்ச்சிக்குப் பெயராக வைப்பதில் பெரிய பயன் இல்லை. விஷயம் தெரியும்படி வையுங்கள். எபிசோடு தலைப்புகளுக்கு நோட்டில் உள்ள கேள்விகளே போதும்.

நீளம் பத்திலிருந்து பதினைந்து நிமிடம். வாரம் தவறாமல் வருவேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். ஆர்டர் குவிந்த வாரத்தில் அது உங்களை வாட்டி எடுக்கும். அதற்குப் பதிலாக, ஆறு எபிசோடு கொண்ட ஒரு சீசன் என்று அறிவித்துவிடுங்கள். மூன்றை முன்கூட்டியே பதிவு செய்து கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அட்டைப் படம் சதுரமாக, குறைந்தது 1400க்கு 1400 பிக்ஸல், அதிகபட்சம் 3000க்கு 3000 இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. போனில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அந்த அளவில் தமிழ் எழுத்தின் புள்ளிகளும் கொம்புகளும் கலங்கிப் போகும். ஆகவே இரண்டு மூன்று வார்த்தைகளைத் தடித்த எழுத்தில் போட்டு, படத்தைச் சிறிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பதிவு செய்வது

மைக்கைவிட அறை முக்கியம். சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி ஒருமுறை பதிவாகிவிட்டால் அதைச் சுத்தமாக நீக்குவது மிகக் கஷ்டம். சீராக வரும் இரைச்சலையாவது ஓரளவு குறைத்துவிடலாம். துணிகள் நிறைந்த அலமாரி, மெத்தை, கனமான திரைச்சீலை இருக்கும் சின்ன அறை நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் எத்தனை மணிவரை என்று சொல்லிவிடுங்கள்.

தொடக்கத்தில் போனே போதும். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் சட்டையில் மாட்டும் சின்ன மைக் வாங்கலாம். அடுத்த கட்டத்தில் யுஎஸ்பி டைனமிக் மைக். கண்டென்சர் மைக் நுட்பமானதுதான், ஆனால் தெருச் சத்தம் உட்பட எல்லாவற்றையும் பிடித்துவிடும். வீட்டில் பதிவு செய்பவர்களுக்கு டைனமிக்கே தோது. மேசை மைக்கோ போனோ, வாய்க்கும் அதற்கும் இடையே அரைச் சாணிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். 'ப' வரும் இடங்களில் காற்று மோதி டப்டப் என்று கேட்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் அது குறையும்.

அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டு, அப்புறம் முழுதாகத் தொடங்குங்கள். பேச ஆரம்பிக்கும் முன் பத்து விநாடி சும்மா இருந்து அறையின் அமைதியையும் பதிவு செய்யுங்கள். இரைச்சலைக் குறைக்கும்போது எது இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்ட அது தேவைப்படும். பேச்சில் தடுமாறினால் நிறுத்த வேண்டாம். ஒரு கைதட்டு தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள். எடிட்டிங் மென்பொருள் காட்டும் ஒலியின் அலைவரைபடத்தில் அந்தக் கைதட்டு நெட்டுக்குத்தாகத் தெரியும், வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியிருக்காது.

தமிழில் பாட்காஸ்ட் செய்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முழுவதையும் எழுதி வைத்துக்கொண்டு படித்தால், எழுத்து நடை நாக்கில் ஏறி, செய்தி வாசிப்பது போல ஆகிவிடும். குறிப்புகளாக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எதிரே ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அவரிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். வட்டார வழக்கு வந்தால் வரட்டும். அதை மறைத்துப் பேசும் குரலில் ஒட்டுதல் இருக்காது.

எபிசோடின் முதல் அரை நிமிடத்தில் கேள்வி என்ன, கேட்டு முடித்தால் என்ன தெரியும் என்பதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் பதில். அதற்குப் பொருந்தும் அனுபவம் ஒன்று. வாடிக்கையாளரின் கதை என்றால் அவர் அனுமதி இல்லாமல் பெயரோ அடையாளமோ வேண்டாம். பிறகு, இந்தப் பதில் யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லுங்கள். 'தோலில் புண் இருந்தால் சோப்பை மாற்றுவதைப் பற்றி யோசிக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்' என்று சொல்பவரை மக்கள் நம்புவார்கள். உங்கள் பொருள் நோயைக் குணமாக்கும் என்ற மாதிரியான பேச்சே கூடாது. அது தவறு மட்டுமில்லை, பல நாடுகளில் சட்டச் சிக்கலும்கூட.

தொழிலைப் பற்றித் தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி போதும். முடிவில் ஒரே ஒரு அழைப்புதான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் அனுப்புங்கள், இணையதளம் பாருங்கள், இன்ஸ்டாகிராமில் தொடருங்கள் என்று அடுக்கினால் எதையும் செய்ய மாட்டார்கள். ஆங்கில எழுத்தில் உள்ள நீளமான முகவரியைக் காதால் கேட்டு யாராலும் டைப் செய்ய முடியாது. அதை எபிசோடு குறிப்பின் முதல் வரியில் போட்டுவிட்டு, 'லிங்க் கீழே முதல் வரியில் இருக்கிறது' என்று மட்டும் சொல்லுங்கள்.

எடிட்டிங்

விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும் ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம். ஆப்பிள் கணினி இருந்தால் கராஜ்பேண்ட் இருக்கிறது. தடுமாற்றங்களையும் நீண்ட இடைவெளிகளையும் வெட்டுங்கள். மூச்சு விடும் ஒவ்வொரு இடத்தையும் வெட்ட வேண்டாம், பேச்சு இயந்திரத்தனமாகிவிடும். ஒலியளவை மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) அருகே கொண்டுவாருங்கள். ஆப்பிள் பரிந்துரைப்பது அதுதான். ஆடாசிட்டியில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்ற வசதி இதைச் செய்துவிடும்.

பேச்சு மட்டும் என்றால் மோனோ (ஒற்றைத் தட) எம்பி3, 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) போதும். அப்படிச் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் சற்றுக் குறைவாகத்தான் ஆகும், பத்து நிமிட எபிசோடு ஐந்து எம்பிக்குள் அடங்கிவிடும். மொபைல் டேட்டாவில் கேட்பவர்களுக்கு இது உதவி.

பின்னணி இசை வேண்டும் என்றால் உரிமத்தைப் படியுங்கள். சினிமாப் பாட்டு கூடவே கூடாது. மற்றவர்கள் பயன்படுத்தப் படைத்தவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிம இசையிலும் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற வகை இருக்கிறது. உங்கள் பாட்காஸ்ட் தொழிலை வளர்ப்பதற்காக நடப்பது, எனவே அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள். இசையே இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

வெளியிடுவது

முதல் வேலை, இதற்கென்று தனியாக ஒரு மெயில் முகவரி. ஃபீடில் உரிமையாளர் மெயில் என்று ஓர் இடம் இருக்கும். நிகழ்ச்சி உங்களுடையதுதானா என்று சரிபார்க்கும் குறியீடு அங்கே வரும். ஃபீடை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதால் சொந்த மெயிலைப் போட வேண்டாம். வீட்டில் தொழில் நடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டு முகவரி, குழந்தைகளின் பள்ளி, 'அடுத்த வாரம் ஊரில் இருக்க மாட்டோம்' போன்ற விவரங்கள் எபிசோடில் வந்துவிட்டனவா என்று வெளியிடும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஹோஸ்டிங் கணக்கைத் திறந்து, பெயர், விவரம், படம், வகை ஆகியவற்றை நிரப்பி, ஒரு நிமிட டிரெய்லரை ஏற்றுங்கள். கிடைக்கும் ஃபீடு முகவரியை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்ட், ஸ்பாட்டிஃபை, யூடியூப் மூன்றிலும் சேருங்கள். ஒப்புதலுக்குச் சில நாட்கள் ஆகலாம். டிரெய்லரை வைத்து முன்னதாகவே பதிவு செய்துவிட்டால், அறிவித்த நாளில் எபிசோடு எல்லா இடத்திலும் வந்துவிடும்.

ஒவ்வொரு எபிசோடுக்கும் எழுத்து வடிவமும் தேவை. ஆப்பிள் 2024 மார்ச்சில் தானியங்கி எழுத்தாக்கத்தைத் தொடங்கியபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய நான்கு மொழிகளுக்குத்தான் கொடுத்தது. தமிழில் நாமே எழுதிப் போடுவதுதான் நம்பகமான வழி. முழுதாக எழுத நேரமில்லை என்றால் சாரத்தையாவது உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். தேடுபொறி வழியாக வருபவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் அது பயன்படும்.

யாரிடம் கொண்டுபோவது

புதிய நேயர்கள் தேடி வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். வாங்குவதற்கு முன் கேட்பவை என்று பிரித்தோம் இல்லையா, அந்த எபிசோடுகளை, விசாரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். ஒருவர் கேள்வி கேட்டால், இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு, 'விரிவாக இதில் பேசியிருக்கிறேன்' என்று லிங்க் கொடுங்கள். வாங்கிய பின் கேட்பவற்றைப் பார்சலோடு சேருங்கள். பராமரிப்பு எபிசோடுக்குப் போகும் கியூஆர் கோடை ஒரு சின்ன அட்டையில் அச்சிட்டு உள்ளே வைத்தால் போதும். குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் சேவை கொடுப்பவர்களுக்கு, உலகம் முழுவதும் கேட்பவர்களைவிட இந்த வழியில் கேட்கும் பத்துப் பேர் மேல்.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

ஹோஸ்டிங் சேவை காட்டும் டவுன்லோடு எண்ணிக்கை, முழுதாகக் கேட்டவர்களின் எண்ணிக்கை இல்லை. ஐஏபி என்ற விளம்பரத் துறை அமைப்பின் விதிப்படி, ஒரு நிமிட அளவுக்கு ஒலிக்கோப்பு இறங்கினாலே அது ஒரு டவுன்லோடு. ஆப் தானாக இறக்கிவைத்து யாரும் கேட்காமல் போனதும் அதில் சேரும். எத்தனை நிமிடம் வரை கேட்டார்கள் என்பதை ஆப்பிளும் ஸ்பாட்டிஃபையும் தங்கள் பக்கத்தில் காட்டும். முதல் ஒரு நிமிடத்திலேயே பலர் விலகியிருந்தால், உங்கள் தொடக்கம் நீளம் என்று அர்த்தம்.

நம்பக்கூடிய கணக்கு வேறொன்று உண்டு. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு அதே நோட்டில் எழுதிவையுங்கள். மாதத்துக்கு உங்களால் செய்து முடிக்கக்கூடியதே இருபது ஆர்டர் என்றால், ஆயிரக்கணக்கான நேயர்கள் உங்களுக்குத் தேவையே இல்லை. பாட்காஸ்ட் கேட்டுவிட்டு வந்தவர்கள் மாதம் மூன்று நான்கு பேர் என்றாலே அது நல்ல பலன்.

ஒரு சீசன் முடிந்தும் ஒருவர்கூட அதைக் குறிப்பிடவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எபிசோடுகளை அழிக்க வேண்டாம். அவை பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், நீங்களும் லிங்க் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். நடுவில் விலையோ டெலிவரி நாளோ மாறிவிட்டால், அந்த இடத்தை மட்டும் புதிதாகப் பேசி வெட்டி ஒட்டி, பழைய எபிசோடின் ஒலிக்கோப்புக்குப் பதிலாக ஏற்றுங்கள். பல ஹோஸ்டிங் சேவைகளில் இதற்கு வசதி உண்டு, லிங்க்கும் மாறாது.